வாயசைவுக்கு வார்த்தை போட்டவள்

ஊத்துக்கோட்டையில் ஜோதிலட்சுமி வளர்ந்த தெருவுக்குக் கேபிள் டிவி வந்தபோது, கேபிள்காரர் ஆந்திரப் பக்கத்திலிருந்து ஒயர் இழுத்திருந்தார். அதனால் தெலுங்குச் சேனல்கள் பளிச்சென்று தெரியும். தமிழ்ச் சேனல்கள் எப்போதும் மழைக்குள் நின்று பேசுவதுபோல இருக்கும். தெரு முழுக்கத் தெலுங்குப் படம்தான் பார்த்தது.

ஜோதிக்கு அதில் சிரமமில்லை. அவள் அம்மா மஸ்தானம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் நாகலாபுரத்துக்காரர். அம்மா தெலுங்கில் கேட்பார், அப்பா தமிழில் பதில் சொல்வார், பிள்ளைகள் எது வாயில் வருகிறதோ அதைப் பேசும். பிரச்சினை அத்தை அஞ்சம்மாளுக்குத்தான். அடுத்த வீட்டில் இருந்த அவருக்குத் தெலுங்கில் வசவுகள் மட்டுமே புரியும். மஸ்தானம்மாவிடம் அவற்றைத்தான் அதிகமாக வாங்கியிருந்தார். ஆனால் படம் பார்க்கும் ஆசை விடவில்லை. ஜோதியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொள்வார்.

"இன்னா சொல்றான் கண்ணு?"

ஜோதி சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். அத்தைக்குக் கோபம் வரும்.

"அவன் வாய மூடிட்டான். நீ இன்னும் பேசிக்கினே கீற. யாரு பேசறதுன்னே தெரியலடி!"

அப்படித்தான் அவள் கற்றுக்கொண்டாள். நடிகர் வாயைத் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டும். நீளமான தெலுங்கு வசனத்துக்கு நீளமான தமிழ், சின்னதற்குச் சின்னது. அத்தையோடு இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் ஒரே குரலில் கதாநாயகனும் வில்லனும் மாமியாரும் பேசினார்கள். யாருக்கும் குழப்பம் வரவில்லை.

அவளிடம் ஒரு குறும்பும் இருந்தது. கதை பிடிக்காவிட்டால் மாற்றிவிடுவாள். திரையில் கதாநாயகி அழுதுகொண்டே கால் பிடித்தால், ஜோதியின் தமிழில் அவள் "உன் செருப்பத் தேடிக்கினு கீறேன், கொஞ்சம் நவுரு" என்பாள். பல வருடம் கழித்து அதில் ஒரு படத்தைத் தமிழில் பார்த்த அஞ்சம்மாள், "இன்னாடி இது, தமிழ்ல எடுத்து கெடுத்து வச்சிருக்கானுங்க!" என்று வருத்தப்பட்டாராம்.

நானும் ஜோதியும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். கார்களுக்கான ஒயர்களைக் கட்டு கட்டாகப் பின்னிக் கொடுக்கும் கம்பெனி அது. ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்தவள், குணாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்டேஷன் பக்கத்திலேயே வாடகைக்குக் குடிவந்துவிட்டாள். குணா ஓர் இரும்பு உருக்கு ஆலையில் கிரேன் ஓட்டுபவர். நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதால், கீழே இறங்கினால் பேச்சு நிற்காது. பொருத்தமான ஜோடி.

எங்கள் கேன்டீனில் பெரிய டிவி ஒன்று உண்டு. ஒலிபெருக்கி அறிவிப்பு கேட்க வேண்டும் என்பதால் அதன் சத்தத்தை எப்போதும் அடைத்தே வைத்திருப்பார்கள். ஒருநாள் மதியம் அதில் செய்தி விவாதம் ஓடியது. நாலு பேர் கைநீட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள்; ஒரு சத்தமும் இல்லை. ஜோதி சோற்றைப் பிசைந்தபடியே ஆரம்பித்தாள்.

"சாம்பார்ல பருப்ப கண்ணால பார்த்தவங்க யாராவது கீறீங்களா? கை தூக்குங்க பார்ப்போம்!"

திரையில் ஒருவர் சரியாக அப்போது கையைத் தூக்கினார். மேசையே அதிர்ந்தது. நடுவில் இருந்த நெறியாளர் வாயைத் திறந்தார். ஜோதி குரலை மாற்றினாள்: "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ரசத்துக்கும் கொஞ்சம் வாய்ப்பு குடுங்க. அது ரொம்ப நேரமா காத்துக்கினு கீது."

அன்றிலிருந்து அவள் மேசைக்குக் கூட்டம் சேர்ந்தது. சமையல் போட்டி, கிரிக்கெட், பழைய படம், எது ஓடினாலும் ஜோதி பேசுவாள். கேன்டீன் கான்ட்ராக்டரே தட்டோடு வந்து நின்று கேட்பார். சாம்பார் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் லைனில் ஷைனி என்று ஒரு பெண். அவள் பெரியம்மா மகன் ஜெரால்ட், வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை செய்கிறான். ஷைனி ஜோதியின் கச்சேரியைப் போனில் படமெடுத்து அவனுக்கு அனுப்பிவைத்தாள். சும்மா சிரிக்கட்டும் என்றுதான். ஆனால் அந்தச் சமயத்தில் அவர்கள் ஒரு தெலுங்கு சீரியலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். வசனம் எழுதிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஜெரால்ட் ஜோதிக்கே போன் செய்தான்.

"அக்கா, எங்களுக்கு எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதறதா? நானே வந்து பேசறேனே."

"பேசறதுக்கு ஆர்ட்டிஸ்ட் இருக்காங்கக்கா. எழுதறதுக்குத்தான் ஆள் இல்ல."

சோதனைக்கு ஒரு காட்சியை அனுப்பினான். புருஷன் பெண்டாட்டி சண்டை. ஜோதி ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினாள், அடித்தாள், திரும்ப எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், மெட்ரோ பிடித்து, வடபழனியில் இறங்கினாள். ஸ்டுடியோவில் தமிழ் டப்பிங்கை நடத்துபவர் சோனியா என்ற அம்மா. அதிகம் சிரிக்காதவர். ஜோதியின் தாளைக் குரல் கொடுக்கும் பெண்ணிடம் நீட்டி, படத்தை ஓடவிட்டார்.

அந்தப் பெண் வாசித்தாள்: "தாங்கள் என்னை ஏன் இவ்வாறு உதாசீனம் செய்கிறீர்கள்? நான் தங்களுக்கு என்ன தீங்கு இழைத்தேன்?"

திரையில் கதாநாயகி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். தமிழ் மட்டும் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தது. ஜெரால்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

"கேன்டீன்ல நீங்க பேசினத நான் பார்த்தேன். அந்தப் பொம்பள எங்க?" என்றார் சோனியா.

"நான்தான் மேடம் அது."

"இத எழுதினது அவங்க இல்ல. பேனாவ எடுத்ததும் உங்களுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் மாட்டிக்குது. கழட்டிட்டு அடுத்த வாரம் வாங்க."

ரயிலில் திரும்பும்போது மீஞ்சூர் வரைக்கும் அழுகை வருகிறதா கோபம் வருகிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து குணாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். குணா யோசித்தார்.

"எழுதாத. பேசு. உன் போன்ல பதிவு பண்ணிக்க. அப்புறம் அதக் கேட்டு எழுது."

"ஒண்டியா எப்புடி சண்ட போடறது?"

"அதுக்குத்தான் கட்டிக்கினு வந்த நான் ஒருத்தன் கீறேனே."

அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டைதான். ஜோதி மருமகள், குணா மாமியார். சோனியா கொடுத்தனுப்பிய புதிய காட்சியில் காணாமல்போன நகை ஒன்று இருந்தது. குணா முந்தானை மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு, "நகைய எங்கடி வச்ச? இப்ப எடுத்துக் குடுக்கிறியா இல்லியா?" என்று அதட்டியபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ரோசம்மாள் முகம் வெளுத்து நின்றார்.

"தம்பி, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். பொண்டாட்டி நகையில மட்டும் கை வைக்காத."

விஷயத்தைச் சொன்னதும் அவரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். மாமியாருக்கு இன்னும் கொஞ்சம் காரம் வேண்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு ஜோதி கொண்டுபோன தாள் வேறு மாதிரி இருந்தது. தெலுங்கில் "ஏமைந்தி?" என்று ஒரு கேள்வி. என்ன ஆயிற்று என்று பொருள். "என்னாச்சு" என்று போட்டால், நடுவில் நடிகையின் உதடு மூடித் திறக்கும் இடத்தில் தமிழ் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஜோதி "ஏம்மா, இன்னா?" என்று எழுதியிருந்தாள். உதடு அப்படியே ஒட்டிக்கொண்டது. "வத்து" என்றால் வேண்டாம். ஆனால் "வேணாம்" என்றால் கடைசியில் வாய் மூடும். நடிகர் வாய் மூடவில்லை. ஜோதி "விடு" என்று போட்டிருந்தாள். சில வசனங்கள் உழைப்பே கேட்காமல் வந்து விழுந்தன. "போதாம் பத" என்பதற்கு "போலாம் வா" என்று எழுதுவதற்கு எதற்கு யோசனை?

சோனியா தாளை மேசையில் வைத்தார். "இந்தப் பொம்பளதான்" என்றார். அவ்வளவுதான் பாராட்டு.

இப்படியாக ஜோதி எழுத்தாளர் ஆனாள். காலை ஷிப்ட் முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு, போனை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ. அங்கே மைக்குக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஜெரால்ட் ஏதாவது கதை சொல்வான். பேசும்படம் வந்த புதிதில் ஒரே படத்தில் ஒருவர் தமிழில் கேட்டால் இன்னொருவர் தெலுங்கில் பதில் சொல்வாராம், ஜனங்கள் அப்படியே பார்த்தார்களாம். "அது எங்க ஊடுதான்" என்றாள் ஜோதி.

சீரியல் நன்றாக ஓடவே வேலை அதிகமாயிற்று. ஒரு கட்டத்தில் இரண்டையும் இழுக்க முடியவில்லை. கம்பெனியில் ராஜினாமா கொடுத்தபோது அதிகாரி காரணம் கேட்டார். "மாமியார் கொடும சார்" என்றாள். சீரியலில் என்று சேர்ப்பதற்குள் அவர் மிகவும் வருத்தமாகத் தலையாட்டிவிட்டார். கடைசி நாள் கேன்டீனில் நாங்கள் கேக் வெட்டினோம். டிவியில் ஏதோ ஒரு சமையல் நிகழ்ச்சி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதைப் பார்க்க மனம் வரவில்லை.

மஸ்தானம்மாவுக்கு மட்டும் மகள் வேலையை விட்டது பிடிக்கவில்லை.

"ஏமே, யாரோ பேசனதத் திருப்பிப் பேசறதுக்கு எதுக்குடி எழுத்து? நானும்தான் நாள் பூரா உங்க நைனா பேசனத உங்களுக்குத் திருப்பிச் சொன்னேன். எனுக்கு யாரு டப்பு குடுத்தாங்க?"

சொன்னாரே தவிர, ஜோதிக்கு அவரைவிடப் பெரிய கண்காணிப்பாளர் கிடையாது. அந்த சீரியலைத் தெலுங்கில் ஏற்கனவே பார்த்தவர். இப்போது தமிழிலும் பார்ப்பார். ஒரு வார்த்தை நகர்ந்தாலும் போன் வந்துவிடும். மகளுடைய பழைய குறும்பு அவருக்குத் தெரியும்.

குறும்பு ஒருநாள் தலைகாட்டத்தான் செய்தது. சீரியலில் மாமியார் நகை இன்னொரு முறை காணாமல்போகிறது. எடுக்காத மருமகள், வீட்டில் அமைதி வேண்டும் என்பதற்காக எல்லோர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டு "க்ஷமிஞ்சண்டி" என்கிறாள். மன்னியுங்கள் என்று அர்த்தம். ஜோதிக்கு எரிச்சலாக வந்தது. எடுக்காதவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அவள் உதட்டைப் பார்த்தாள், சொல்லிப் பார்த்தாள், எழுதினாள்: "சமாளிங்க."

உதடு கச்சிதமாகப் பொருந்தியது. கும்பிட்ட கையோடு மருமகள் "சமாளிங்க" என்று சொல்லிவிட்டுப் போனது, கும்பிடையே கிண்டலாக்கிவிட்டது. சோனியா அன்றைக்கு வேறு படத்தில் மும்முரமாக இருந்தார், கவனிக்கவில்லை. அது டிவியில் வந்த மறுநாள் அம்மாவின் போன் வந்தது.

"அந்தப் பொண்ணு மன்னிப்பு கேட்டுச்சு. நீ ஏன் கேக்க உடல?"

"தப்பு பண்ணலியேம்மா அவ."

"கத உனுக்குத் தெரியாது. பின்னாடி பேஜாராயிடும் பாரு."

ஆனது. சில மாதம் கழித்துப் பஞ்சாயத்துக் காட்சி வந்தது. தெலுங்கில் மாமியார் எழுந்து நின்று, அன்றைக்கே இவள் மன்னிப்புக் கேட்டாள், அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி என்கிறார். சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பழைய காட்சியையே திரும்பவும் காட்டுகிறார்கள். கும்பிட்ட கை, தாழ்ந்த கண், தமிழில் "சமாளிங்க". ஜெரால்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சோனியா சிரிக்கவில்லை.

"ஊரே கேட்டாச்சு. இப்ப மாத்தவும் முடியாது. இன்னா பண்ணப் போறீங்க?" கோபம் வந்ததில் அவர் வாயிலும் 'இன்னா' வந்துவிட்டது.

வேலை போயிற்று என்றே ஜோதி நினைத்தாள். காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். மாமியாரின் வாய், மாமியாரின் ஆத்திரம், நீட்டிய விரல். ஒரு மணி நேரம் கழித்து ஒரு வசனத்தை எழுதி சோனியாவிடம் கொடுத்தாள். மாமியார் இப்போது இப்படிச் சொன்னார்: "திருடினவளுக்குத்தான் இந்தத் திமிரு வரும்! கேட்டீங்கல்ல, சமாளிங்கன்னுட்டுப் போறத? எடுக்காதவ அழுதிருப்பா!"

பிறகு பழைய காட்சி. கும்பிடு, "சமாளிங்க". கதை நொண்டாமல் நடந்தது.

சோனியா இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "தப்பிச்சீங்க. ஆனா அவங்க கத அவங்களுது. வாய மட்டும்தான் நமக்குக் குடுத்திருக்காங்க. இனிமே இது வேணாம்." ஜோதி தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் அர்த்தத்தில் கைவைக்கவில்லை.

அடுத்து வந்த சிக்கலைத் தொடங்கிவைத்தது ஷைனி. ஒரு ஞாயிறு ஜோதி வீட்டில் பிரியாணி சாப்பிட நாங்கள் போயிருந்தோம். சீரியல் ஓடியது. அதில் ஒரு வேலைக்காரி. வாயைத் திறந்தால் "இன்னா, அய்ய, வந்துகினு" என்று கொட்டுவாள். எல்லோரும் சிரித்தோம். ஷைனியும் சிரித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க்கா, நம்ம மாதிரி பேசறவங்க யாரும் அந்த ஊட்டுல நாற்காலில உக்காரவே மாட்டாங்களா?"

ஜோதி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வேலைக்காரிக்கும் ரவுடிக்கும் சென்னைப் பேச்சு, வீட்டு அம்மாவுக்கும் டாக்டருக்கும் சுத்தப் பேச்சு என்பதுதான் வழக்கம். அவளும் யோசிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஒரு பெண் டாக்டருக்கு "இன்னாம்மா, எங்க வலிக்குது?" என்று எழுதிக்கொண்டு போனாள். சோனியா அடித்துத் திருத்தினார்.

"ஜனங்க சிரிப்பாங்க ஜோதிலட்சுமி. இங்க சிரிப்பு வேணாம்."

"ஏன் மேடம் சிரிக்கணும்? எங்க ஆஸ்பத்திரி டாக்டரு இப்பிடித்தான் பேசறாங்க."

"அது ஆஸ்பத்திரி. இது டிவி."

அதில் ஜோதி தோற்றுத்தான் போனாள். சீரியல் முடியும்வரை டாக்டர் சுத்தமாகவே பேசினார்.

பிறகு ஒரு சின்னத் தெலுங்குப் படம் வந்தது. பெரிய நடிகர்கள் இல்லை. எல்லையோரக் கிராமம், ஓரகத்திகள் இருவர், இரண்டு பேர் நெல் வயலுக்கும் பொதுவாக ஒரே மோட்டார். மோட்டாருக்காக ஆரம்பிக்கும் சண்டை கோர்ட் வரைக்கும் போகிறது. படத்தில் வரும் எல்லோரும், தாசில்தார், நர்ஸ், நீதிபதி உட்பட, ஒரே வட்டாரத் தெலுங்கு பேசினார்கள். ஜோதி முழுப் படத்தையும் ஊத்துக்கோட்டைத் தமிழில் எழுதினாள். சோனியா படித்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"ஜட்ஜ் கூடவா?"

"அந்த ஜட்ஜும் அங்கியேதான் மேடம் பொறந்திருப்பாரு. இங்க யாரும் யாரையும் பார்த்து சிரிக்க முடியாது. எல்லாரும் ஒரே பேச்சு."

சோனியா முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் படித்தார். பிறகு, "சரி, பேசிப் பார்ப்போம்" என்றார்.

பேசிப் பார்த்ததில்தான் தொல்லை. குரல் கலைஞர்கள் திறமைசாலிகள். ஆனால் "இன்னா" என்றதும் அவர்களை அறியாமலே குரல் கோமாளித்தனமாக மாறியது. புருஷன் செத்த துக்கத்தில் ஒருத்தி பேசும் வசனம் நகைச்சுவைக் காட்சி மாதிரி வந்தது. அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. ஜோதி மெதுவாகச் சொன்னாள்: "மேடம், எங்க ஆளுங்கள கூட்டினு வரட்டுமா?"

இளைய ஓரகத்திக்கு ஷைனி. மின்வாரியக்காரருக்குக் குணா. மூத்த ஓரகத்திக்கு யார் என்பதில் ஜோதிக்குச் சந்தேகமே இல்லை. ஊத்துக்கோட்டை போய் அத்தை அஞ்சம்மாளை அழைத்து வந்துவிட்டாள். அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்து, "நாஷ்டா எங்க?" என்று கேட்டார். இட்லி வந்த பிறகுதான் மைக் முன்னால் போனார்.

சிவப்பு விளக்கு எரிந்ததும் பேச வேண்டும் என்று ஜெரால்ட் விளக்கினான். அத்தைக்கு விளக்கு பொருட்டே இல்லை. திரையில் இளையவள் மோட்டார் அறைச் சாவியை இடுப்பில் செருகியதும் கொதித்துவிட்டார்.

"ஏய், வையிடி கீழ! உங்கப்பன் ஊட்டு மோட்டாரா அது?"

"அத்த, அது வசனத்துலியே இல்ல" என்றாள் ஜோதி.

"இல்லன்னா எழுதிக்க. இவ்ளோ பேசறா, நான் சும்மா நின்னுக்கினு இருப்பனா?"

திரையில் மூத்தவளுக்கு அந்த இடத்தில் பேச்சே இல்லை. ஆனால் அவள் கேமராவுக்கு முதுகு காட்டி நின்றாள். வாய் தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். சோனியா கண்ணாடி வழியாகக் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த வசனம் படத்தில் இருக்கிறது. அழுகைக் காட்சியில் அத்தை அழுதது நடிப்பில்லை. முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "பாவம் அந்தப் பொம்பள, ஒரு மோட்டார்னால எவ்ளோ பாடு" என்றார். சோனியா தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

படம் ஒரு செயலியில் வெளியானது. உலகம் புரண்டுவிடவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் ஓரளவு பேர் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஆளாளுக்குப் போனில் ஓடியது. தமிழ் வசனம் என்று ஜோதிலட்சுமி பெயர் வரும் இடத்தில் எல்லோரும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டோம். சிலருக்குப் பேச்சு புரியவில்லை என்று குறையும் வந்ததாம். சோனியா அதை ஜோதியிடம் மறைக்கவில்லை. "அடுத்த படத்துக்கு வழக்கம்போலத்தான்" என்றும் சொல்லிவிட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் பூமிகா என்ற இளம் இயக்குநர் ஒருவர். கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பெண்களைப் பற்றிச் சின்னதாக ஒரு தொடர் எடுக்க இருந்தார். கதை இருந்தது, வசனம் இல்லை. ஜோதியைத் தேடி கும்மிடிப்பூண்டிக்கே வந்துவிட்டார். இது டப்பிங் இல்லை, நேரடித் தமிழ்.

ஜோதி சந்தோஷமாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வரி வரவில்லை. இத்தனை வருடமும் முதலில் ஒரு வாய் அசையும். அதற்குப் பிறகுதான் அவள் வார்த்தை. இப்போது எதிரில் வெறும் சுவர். பூமிகாவுக்குப் போன் செய்தாள்.

"வாயே இல்லாம எப்பிடிங்க எழுதறது?"

"அக்கா, நீங்க எழுதினாதான் அவங்க வாயத் திறப்பாங்க."

அது அவளை இன்னும் பயமுறுத்தியது. பேனா எடுத்தால் மறுபடியும் பள்ளிக்கூடத் தமிழ் எட்டிப் பார்த்தது. குணா மறுபடியும் துண்டைப் போட்டுப் பார்த்தார்; பஸ்ஸில் போகும் ஒரு கூட்டப் பெண்களாக அவரால் ஆக முடியவில்லை.

கடைசியில் ஒரு காலை எங்கள் கம்பெனி பஸ் வந்து நின்றபோது ஜோதி நிறுத்தத்தில் நின்றாள். டிரைவருக்கு அவளைத் தெரியும், ஏறிக்கொள் என்றார். கேட் வரைக்கும் வருவாள், இறங்கி ஷேர் ஆட்டோவில் திரும்பிவிடுவாள். சாயங்காலம் மறுபடியும் கேட்டில் நிற்பாள். அந்த நாட்களில் அவள் பேசவே இல்லை. நாங்கள் பேசினோம்: பிள்ளை காய்ச்சல், சூப்பர்வைசர், நாத்தனார் கல்யாணம், யாருக்கு ஜன்னல் சீட் என்பது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். ஜோதி வாயை மூடி நாங்கள் பார்த்தது அப்போதுதான். ஷைனி அவள் நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று கேட்டாள்.

பிறகு எழுதினாள். எழுதியதை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். மஸ்தானம்மா நடுவில் பேசாமல் கேட்டார்.

"இது தெலுங்குல எப்ப வந்துச்சு? நான் பார்க்கலியே."

"எதுலியும் வரலம்மா. யாரும் இன்னும் பேசல. நான்தான் எழுதினேன்."

"அப்பிடின்னா தெலுங்குக்கு நான் எழுதித் தரட்டா?" என்றார் அம்மா.

போன மாதம் படப்பிடிப்பு கவரைப்பேட்டை பக்கம் நடந்தது. விடுமுறை நாள் என்பதால் நானும் ஷைனியும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். சாலையோரம் பழைய பஸ் ஒன்று. உள்ளே நடிகைகள், கேமரா, வியர்வை. ஜோதி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தாளோடு நின்றாள். புதிதாக வந்த ஒரு நடிகை. வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மூன்று நாளாக பஸ்ஸில் ஏறி வருபவளாக நடிக்கிறாள். பக்கத்துச் சீட்டுக்காரியிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம்.

அந்தப் பெண் தயங்கி, ஜோதியைப் பார்த்தாள். "அக்கா, 'எனுக்கு வேல போயிடுச்சு'ன்னதும் கொஞ்சம் நிறுத்திட்டு அடுத்ததப் பேசலாமா? இல்ல ஒரே மூச்சா சொல்லணுமா?"

இப்படி ஒரு கேள்வியை ஜோதியிடம் யாரும் கேட்டதில்லை. அவள் பூமிகாவைப் பார்த்தாள். பூமிகா, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினார்.

"நிறுத்திக்க கண்ணு," என்றாள் ஜோதி. "எவ்ளோ நேரம் வேணும்னாலும் நிறுத்திக்க. உன்ன யாரும் அவசரப்படுத்தல."

காட்சி ஓடியது. அந்தப் பெண் சொன்னாள், நிறுத்தினாள், ஜன்னலைப் பார்த்தாள். ஜோதியின் உதடுகள் அவளோடு சேர்ந்து லேசாக அசைந்தன. பூமிகா கட் சொன்னதும் ஷைனி விசிலடித்துவிட்டாள்; பதிவு செய்பவர் முறைத்தார்.

அடுத்த காட்சிக்கான வசனத்தில் பாதி இன்னும் முடியவில்லை. மழை வேறு தூறத் தொடங்கியது. குடையோடு ஓடிவந்த உதவி இயக்குநர் சாப்பிட அழைத்தார். "நீங்க போங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு, ஜோதி அந்தக் காலி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள்.